பி.டி.எஃப். அண்ணா திருத்திய நாவல்

தர்மபுரி மாவட்டத்தில் பி.டி.எஃப். அண்ணா படிக்காத புத்தகம் கிடையாது. அவர் காசு கொடுத்து வாங்கிய புத்தகமும் கிடையாது.

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகும் வழியில் அவருடைய ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டு நகல் எடுக்க வருகிறவர் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்தால் தொலைந்தது. "சும்மா பாத்துட்டுத் தர்றேன், குடுங்க" என்பார். அந்த ஆள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புத்தகம் முழுக்க ஸ்கேன் ஆகி, செல்போனில் அண்ணா நடத்தும் வாசகர் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ரேஷன் கார்டுக்கு இரண்டு ரூபாய் கறாராக வாங்குவார். இலக்கியத்துக்குப் பத்து பைசா வாங்கமாட்டார். "படிக்கிறதுக்குப் போயி காசு வாங்கறதுங்களா? பாவமுங்க."

ஒருமுறை அரூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், இவர் ஸ்கேன் செய்த புத்தகத்தில் இவருடைய கடை முத்திரையை அழித்துவிட்டு வேறொரு குரூப்பில் போட்டுவிட்டார். அண்ணா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒவ்வொரு பக்கமா திருப்பித் திருப்பி ஸ்கேன் பண்ணவன் நானு. எவனோ நோகாம திருடிட்டுப் போறான் சார்! நாட்டுல நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று புத்தகம் எழுதுகிற என்னிடமே கேட்டார்.

கடைசியில் அந்த ஸ்கேன் வேலை என் தலையிலேயே வந்து விடிந்தது. ஒகேனக்கல் பரிசல்காரர்களை வைத்து நான் ஒரு நாவல் எழுதினேன். ஆறு வருட உழைப்பு. வெளியான மறுவாரமே குரூப்பில் வந்துவிட்டது. ஸ்கேன் செய்யக் கொடுத்த புண்ணியவான் நான்தான். ஆசையாகக் கையெழுத்துப் போட்டு அண்ணாவுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன்.

சண்டை போடவே கிளம்பிப் போனேன். "இது திருட்டுண்ணா!"

"திருட்டுன்னா உங்க பொருளு கொறஞ்சிருக்கணும்ங்க. பதிப்பாளரு அனுப்பிவச்ச புக்கு உங்க வூட்டுல கட்டிலுக்கடியில பெட்டி பெட்டியா அப்படியே இருக்குதாமே? பெருக்கக்கூட முடியலைன்னு வூட்டுக்காரம்மா சொன்னாங்க."

அவர் விடவில்லை.

"அத விடுங்க. அங்கங்க திருத்திப் போட்டிருக்கறேன், பாத்தீங்களா? பரிசலோட பின்பக்கம் உக்காந்து துடுப்புப் போட்டான்னு எழுதியிருக்கீங்க. பரிசலு வட்டமுங்க. அதுக்கு ஏதுங்க பின்பக்கம்? காலையில சித்தேரியில பஸ் ஏறுனவன் அடுத்த வரியில ஒகேனக்கல்லுல மீன் தின்னுறான். நடுவுல அரூரு, தர்மபுரி எல்லாம் எங்கங்க போச்சு? அப்பறம், பாதிக் கதையில செத்துப்போன அத்தை கடைசியில வந்து மீன் வறுக்குது!"

"அதுக்கு என்னண்ணா பண்ணீங்க?"

"அத்தைக்கு ஒரு தங்கச்சிய வச்சுட்டேன்."

வீட்டுக்கு வந்து அவருடைய பி.டி.எஃப்.பை ஒளிந்துகொண்டு படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சில மாதங்களில் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளும் காலியாகிவிட்டன. பி.டி.எஃப். சுற்றியதால் விற்றதா, சுற்றியும் விற்றதா? இன்றுவரை குழப்பம்தான்.

பதிப்பாளர் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அண்ணாவின் திருத்தங்களை ஒன்றுவிடாமல் பார்த்து எழுதினேன், அந்தத் தங்கச்சி உட்பட. நன்றிப் பக்கத்தில் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் நன்றி சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை. திருடனுக்கு எதற்கு நன்றி என்று அப்போது தோன்றியது.

புத்தகம் வந்த பிறகு அவர் கடைப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வீட்டுக்கு வந்து நின்றார். கையில் புதுப் பதிப்பு. உள்ளே தர்மபுரி புத்தகக் கடை பில்.

"காசு குடுத்தா வாங்குனீங்க?"

"நம்ம தங்கச்சி உள்ள இருக்குதே சார். அதப் போயி எப்படிங்க ஸ்கேன் பண்றது?"

நன்றிப் பக்கத்தில் விரல் வைத்துக் கடைசிப் பெயர் வரை படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "கையெழுத்து போடுங்க சார்."

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் என் பிரதியை எடுத்துவந்து, "மொதல்ல நீங்க போடுங்கண்ணா" என்றேன். கூச்சத்தில் நெளிந்தார். பிறகு தங்கச்சி மீன் வறுக்கும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஓரமாக, பொடி எழுத்தில் தன் பெயரை எழுதினார். பத்து வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது.

யார் யாரிடமிருந்து திருடினோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பிரதியை மட்டும் நான் யாருக்கும் இரவல் தருவதில்லை.