விரிசலுக்கும் நன்றி

ஒரு குழாயின் விரிசலைப் பற்றி நூற்றுப் பதினோரு மணி நேரம் கூடிப் பேசிய அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கஜக் சமவெளியில் எங்கள் ஊரில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாவது மணி நேரத்துக்கும் சமோவாரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

விரிசல் இரண்டு விரல் நீளம். ஏழாம் எண் கட்டடத்துக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாயில் இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. கட்டடத்தார் மேல்கோட்டைக் கழற்றாமல் தூங்கினார்கள். அவர்களில் ஒருத்தி ரௌஷானின் அம்மா.

ரௌஷான் வெப்ப விநியோக அலுவலகத்தின் இளைய பொறியாளர். இயற்பியலில் முதல் வகுப்பு. எனவே கூட்டங்களில் தேநீர் ஊற்றும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அந்த மாதத்தை இயக்குநர் தோலெகென் 'தனிமனித மேம்பாட்டு மாதம்' என்று அறிவித்திருந்தார். ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு சவாலை ஏற்று, மாத முடிவில் தாம் எவ்வளவு மேம்பட்டோம் என்று சொல்லவேண்டும். தலைமைப் பொறியாளர் சகிந்திக் தினமும் குளிர்நீரில் குளிக்கும் சவாலை ஏற்றார். ஏழாம் எண் கட்டடத்தார் அவரை முந்திக்கொண்டுவிட்டார்கள். கணக்காளர் ஷோல்பான் தினம் பத்தாயிரம் அடி நடப்பதாகச் சொல்லி, கூட்டம் நடக்கும்போதே மேசையைச் சுற்றி வந்தார். இயக்குநர் எடுத்துக்கொண்டது 'நன்றியுணர்வு'.

"எல்லாருக்கும் நன்றி. சமோவாருக்கு நன்றி. விரிசலுக்கும் நன்றி. அது மட்டும் இல்லேன்னா நாம இப்படி ஒண்ணா உக்காந்திருப்போமா?" என்று கூட்டத்தைத் தொடங்குவார். கண் கலங்கும்.

"நீ என்னம்மா எடுத்துக்கறே?" என்று ரௌஷானைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது 'முடியாது'ன்னு சொல்லணும், அகாய்." இங்கே பெரியவர்களை, ஆணானால் 'அகாய்' என்றும் பெண்ணானால் 'அபாய்' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"பிரமாதம்! உன் கூச்சம் போயிடும். அப்போ இந்த மாசம் பூரா டீ நீயே ஊத்திடேன்?"

"சரிங்க, அகாய்."

முதல் நாள் சவால் இவ்வாறு நிறைவேறியது. இரண்டாம் நாள் ஷோல்பானின் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னித் தர ஒப்புக்கொண்டாள். மூன்றாம் நாள் கண்ணாடி முன் நின்று 'முடியாது' என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியிடம் மன்னிப்பும் கேட்டாள்.

எங்கள் ஊரில் தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். இன்னும் உட்காருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்கிற மரியாதை அது. விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களைக்கூட அப்படித் துரத்த யாருக்கும் மனம் வராது.

பத்தாம் நாள். பேச்சு, விரிசலை 'விரிசல்' என்பதா 'இடைவெளி' என்பதா என்ற கட்டத்தை எட்டியிருந்தது. ரௌஷானின் போனில் அம்மாவின் குரல் செய்தி வந்தது. ஓரமாகப் போய்க் கேட்டாள்.

"ரௌஷான் கண்ணு, ஒண்ணும் கவலைப்படாதே. பக்கத்து வீட்டுப் பூனையை வாங்கிட்டு வந்து வயித்து மேல படுக்க வச்சிருக்கேன். நல்லா கதகதன்னு இருக்கு."

திரும்பி வந்ததும் சகிந்திக் கிண்ணத்தை நீட்டினார். "இன்னொரு வாய் ஊத்தும்மா. பேச்சு இப்பத்தான் சூடு பிடிக்குது."

ரௌஷான் வாயைத் திறந்தாள். 'மு' வரை வந்தது. மீதி வரவில்லை. வாய் அங்கே நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. பால் கலந்த தேநீர் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, விளிம்பில் வந்து தளும்பியது.

சகிந்திக் கிண்ணத்தைப் பார்த்தார். ரௌஷானைப் பார்த்தார். யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டார். உள்ளங்கை வெந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்குக் குழாய்ப் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கு" என்று எழுந்தார். அந்த வாக்கியம் அந்த அறையில் அதற்குமுன் ஒலித்ததில்லை.

அவமானத்தோடு வீட்டுக்குப் போக முடியாதல்லவா? உண்மையிலேயே குழாய்க்குப் போனார். அன்று சாயங்காலமே விரிசல் அடைபட்டது. அம்மா பூனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ரௌஷான் ஷோல்பானுக்கு விளிம்பு வரை ஊற்றினாள். அவர் நடையை நிறுத்தாமல் அப்படியே கதவு வழியாக வெளியேறி, நான்கு மாதமாகக் கிடந்த வால்வுக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த நாள் இன்னொருவர். ஒவ்வொருவரும் கிண்ணத்தை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் விரட்டப்பட்டது தாம் மட்டுமே என்று நம்பினார்கள். இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? ஆகவே வேலை செய்தார்கள்.

கடைசியில் மேசையில் இயக்குநர் மட்டும் மிஞ்சினார். அவர் கிண்ணத்தை நிறைக்க மட்டும் ரௌஷானுக்குத் துணிவில்லை. அவர் காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனார். போகும் வழியில் யோசித்து, இது தன் நன்றியுணர்வின் விளைவு என்று கண்டுபிடித்தார். 'தோலெகென் குறுங்கூட்ட முறை' பிறந்தது.

மாத முடிவில் அதை ஆராய மாகாணத் தலைநகரிலிருந்து குல்பார்ஷின் என்ற மேலதிகாரி வந்தார். எங்கள் கூட்டங்கள் எவ்வாறு குறுகின என்பதை விளக்க இயக்குநர் ஆறு மணி நேரக் கூட்டம் ஏற்பாடு செய்தார். ஊழியர் அனைவரும் கட்டாயம் வரவேண்டும். குதிரைக்கறி வந்தது. பொரித்த ரொட்டி மலையாகக் குவிந்தது.

நான்காவது மணி நேரத்தில் ரௌஷானின் போன் அதிர்ந்தது.

"கண்ணு, மறுபடியும் சில்லுனு ஆயிடுச்சு. பூனையைத் தர மாட்டேங்கறாங்க, அவங்களுக்கே வேணுமாம்."

அவள் சகிந்திக்கின் காதில் சொன்னாள். "இயக்குநர் முடிக்கட்டும்மா" என்றார் அவர் வாயசைக்காமல். இயக்குநர் அப்போதுதான் 'முன்னுரை முடிந்தது' என்றார். கிண்ணத்தை நீட்டினார்.

ரௌஷான் ஊற்றினாள். பாதி. முக்கால். விளிம்பு.

இயக்குநரின் கை கிண்ணத்தை மூட விரைந்தது. ஆனால் குல்பார்ஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன தோலெகென், உங்க ஆபீஸ்ல உங்களுக்கே இப்படியா ஊத்துறாங்க?"

"சின்னப் பொண்ணு, அபாய். கை தவறியிருக்கும்." ரௌஷான் பக்கம் திரும்பிச் சிரித்தார். குரல் தேனாகிவிட்டது. "கை தவறிடுச்சுன்னு சொல்லும்மா."

"முடியாது, அகாய்."

ஷோல்பான் நடப்பதை நிறுத்தினார்.

"கை தவறல. இங்க எல்லாருக்கும் வேணும்னேதான் ஊத்தினேன்" என்றாள் ரௌஷான். "இந்த ஆபீஸ்ல யாரையாவது எழுந்து போகச் சொன்ன அன்னிக்கு மட்டும்தான் வேலை நடந்திருக்கு."