வெள்ளிக்கிழமைக்கு எந்த இறந்தகாலம்?

புளியங்கூடல்,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

தாங்களும் அலுவலகத்தார் யாவரும் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நானும் மனைவி நாகபூசணியும் இதை எழுதும் நேரம்வரை சுகம். 'எழுதும் நேரம்வரை' என்பதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று கிழமையாக ஞாயிறு இதழின் 'ஆங்கிலச் சந்தேகங்கள்' பகுதிக்கு என்னிடமிருந்து பதில் வரவில்லை என்றும், அந்த இடத்தில் சமையல் குறிப்புப் போட வேண்டியதாயிற்று என்றும் குறைப்பட்டு எழுதியிருந்தீர்கள். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்து இளைப்பாறி, பதினொரு வருடமாகத் தங்கள் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறேன். காய்ச்சலிலும் எழுதியிருக்கிறேன். இந்தமுறை எழுதாததற்குக் காரணம் பயம். எழுபத்து நான்கு வயதில் இலக்கணத்துக்குப் பயந்தேன் என்றால் சிரிப்பீர்கள். தயவுசெய்து முழுவதும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

தாங்கள் அனுப்பிவைக்கும் தபாலட்டைகளில் ஆனி மாதம் தொடக்கம் ஒரே கையெழுத்தில் சில வந்தன. கீழே 'சு., நெடுந்தீவு' என்று மட்டும் இருக்கும். முதலாவது அட்டையில், கிணற்றுக் கயிறு தானாக அறுந்தால் 'த ரோப் புரோக்' என்பதா, 'வோஸ் புரோக்கன்' என்பதா என்று கேள்வி. ஒருவரும் அறுக்காமல் தானே அறுந்தால் 'புரோக்' என்று பதில் எழுதினேன். அது பத்திரிகையில் வந்த ஞாயிறு பின்னேரம் எங்கள் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி உள்ளே போனது. பழைய கயிறு, அறுந்தது. அதோடு மறந்துவிட்டேன். இரண்டாவது அட்டையில், அப்பாவின் செருப்பை ஆடு தின்றுவிட்டது, 'ஹாஸ் ஏற்' சரியா, 'ஹாஸ் ஈட்டன்' சரியா என்றிருந்தது. 'ஈட்டன்' என்று எழுதினேன். பத்திரிகை வந்த மறுநாள் பக்கத்து வளவு ஆடு என்னுடைய இடது செருப்பைத் தின்றது. வலதுசெருப்பை அது முகர்ந்தும் பார்க்கவில்லை. மூன்றாவது, அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தார் என்பதற்கு 'ஃபெல் ஃப்ரம்' நல்லதா 'ஃபெல் ஓஃப்' நல்லதா என்பது. 'ஓஃப்' என்று பதில் வந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் சுருவில் வீதியில் சைக்கிளிலிருந்து விழுந்து வலதுகை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நாகபூசணி அட்டைகளை வரிசையாக மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் 'ஃப்ரம்' எண்டு எழுதியிருந்தால் விழுந்திருக்க மாட்டியள்."

"விசர்க்கதை கதையாதையும். ரெண்டும் விழுகைதான்."

அப்படிச் சொன்னேனே தவிர, நான்காவது அட்டையை எடுக்குமுன் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன். 'ஸ்டொப்ட் டு ஈட்', 'ஸ்டொப்ட் ஈட்டிங்' இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? எல்லா மாணவர்களும் தடுமாறும் இடம்தான். முன்னது, சாப்பிடுவதற்காக நின்றார். பின்னது, சாப்பிடுவதை விட்டுவிட்டார். 'எங்கள் அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டார், ஆகவே எது?' என்று கேட்டிருந்தது. இடக்கையால் பதில் எழுதி அனுப்பினேன். அன்று தொடக்கம் எனக்கு அன்னம் இறங்கவில்லை. நாகபூசணி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைப்பாள், வாசம் பிடிப்பேன், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுவேன். டொக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதுதானே என் முறைப்பாடு!

பிறகு ஐந்தாவது அட்டை. 'வெள்ளிக்கிழமை அப்பா இறந்தார்' என்பதற்கு 'டைட்' எழுதுவதா, 'ஹாஸ் டைட்' எழுதுவதா?

ஐயா, மூன்று கிழமையாக என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது அந்த அட்டைதான். மற்றக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் அலுமாரிப் பக்கம் கண் போகும். தமிழில் இதற்கு இறந்தகாலம் என்று பேர் வைத்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கடைசியில், யார் இந்தச் 'சு.' என்று நேரில் பார்த்துவிடுவதென்று முடிவு கட்டி, போன புதன்கிழமை குறிகட்டுவானுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து படகேறினேன். கட்டுப் போட்ட கை, ஒரு கறுப்புச் செருப்பு, ஒரு மண்ணிறச் செருப்பு.

நெடுந்தீவில் இறங்கும்போது நல்ல மத்தியானம். கற்சுவர் வேலிகளுக்கு நடுவே வெள்ளை வெயில். வெளியில் நின்ற குதிரைகள் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்தன. துறையடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இராயப்பு என்பவரிடம் அட்டையைக் காட்டினேன்.

"இது சுலக்சனான்ர எழுத்து. சரவணமுத்தற்ற மகள்."

என்னுடைய பெயரும் அதுதான் என்பது தங்களுக்குத் தெரியும். "எந்தச் சரவணமுத்து?" என்று கேட்டேன்.

"இஞ்ச ஒரு சரவணமுத்தர்தான். செத்து நாலு மாசம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கென்ன பேர் ஐயா?"

வீட்டுக்கு வழியை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

சுலக்சனாவுக்கு நாற்பது வயதிருக்கும். மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் வாளியைக் கீழே விட்டார். என் கையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"அப்பாவுக்கும் இந்தக் கைதான் முறிஞ்சது. அவரும் இப்பிடித்தான் சோடி மாறிப் போட்டுக்கொண்டு திரிஞ்சவர்" என்றார் மெல்ல.

நான் இன்னார் என்று சொன்னதும் கதிரையைத் துடைத்துப் போட்டு இருக்கச் சொன்னார். சுவரில் மாலை போட்ட படம். படத்திலிருந்தவர் என்னைப் போல இல்லை. அந்த அளவில் எனக்கு ஆறுதல். "இந்த வசனங்களெல்லாம் ஏன் கேட்டனீர், பிள்ளை?" என்றேன்.

"டிலான் அண்ணாவால செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போச்சுது, சேர். அவர் ரொறன்ரோவில. பிள்ளையள் ரெண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பப்பாவுக்குக் கடைசியில என்ன நடந்தது எண்டு என்னட்டக் கேட்டு எழுதியிருக்கினம். தேப்பனிட்டக் கேட்டா அழுறாராம், சொல்லுறாரில்லையாம். அதுதான் நான் இங்கிலீசில எழுதுறன்."

கடிதத்தைக் கொண்டுவந்தார். மூன்று பக்கம். கயிறு அறுந்தது, ஆடு செருப்பைத் தின்றது, சைக்கிள், சாப்பாடு. என் பதில்கள் அப்படியே உள்ளே இருந்தன. என்னுடைய இரண்டு மாதத்தை வேறொருவர் எனக்கு முன்பே வாழ்ந்து முடித்து, அதை மகள் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கடைசி வரியில் மட்டும் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தது.

"மூண்டு கிழமையா ஒவ்வொரு ஞாயிறும் பேப்பர் பாத்தனான், சேர். சமையல் குறிப்புத்தான் கிடந்தது. அந்தச் சொல் என்ன?"

தண்ணீர் கேட்டுக் குடித்தேன். இரண்டுமே பிழை என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் ஏறிவிடலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அப்பப்பா போனதை அந்த இரண்டு பிள்ளைகளும் பிழையான வசனத்தில் வாசிப்பதற்கு நான் காரணமாக இருக்க ஏலாது.

"எந்த நாள் எண்டு சொன்னால் 'ஹாஸ்' வராது, பிள்ளை. 'டைட்' எண்டு எழுதும்."

எழுதினார். வெளியே மாடுகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தின. பேனை கடதாசியில் ஓடும் சத்தம் எனக்கு முதுகில் கேட்டது. எழுதி முடித்ததும் அவர் அழுதார். நாலு மாதமாக அழவில்லையாம்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாகபூசணி எதிரே இருந்து கண்வெட்டாமல் பார்த்தாள். தும்மினால் எழும்பி வந்தாள். பொழுதுபட்டது, ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது மட்டுமில்லை, ஐயா, எனக்குப் பசித்தது! எழும்பிப் போய்க் குசினியிலேயே நின்று இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டேன். நாகபூசணி சிரித்தும் அழுதும் குழம்பு விட்டாள். எல்லாம் தற்செயல் என்று இப்போது விளங்குகிறது. படித்த மனிதன் வெட்கப்பட வேண்டிய விஷயம். பகுதியைத் தொடரலாம், 'டைட்' என்ற பதிலையும் தாராளமாகப் பிரசுரிக்கலாம்.

தங்களுக்கும் வாசகர்களுக்கும் அம்மன் தீர்க்காயுள் தரட்டும்.

இங்ஙனம்,
பணிவன்புள்ள,
க. சரவணமுத்து

பி.கு.: உறையை ஒட்டும்போது சுலக்சனா தொலைபேசியில் கூப்பிட்டார். "சேர், ஒரு பிழை விட்டிட்டன். அப்பா அந்த வெள்ளி சாகேல்லை. அண்டைக்கு எழும்பி, குசினியில நிண்டு வயிறாரச் சாப்பிட்டவர், தப்பிட்டார் எண்டு நாங்கள் சந்தோசப்பட்டனாங்கள். அதுக்கு அடுத்த வெள்ளிதான். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' எண்டு போடலாமே?" நடந்துபோன கதையில் 'நெக்ஸ்ட்' வராது, 'த ஃபொலோயிங் ஃப்ரைடே' என்று எழுதச் சொன்னேன். அதுதான் சரியான பதில். நாகபூசணிக்கு இன்னும் சொல்லவில்லை. தங்களிடம் தேங்கிக் கிடக்கும் தபாலட்டைகள் எல்லாவற்றையும் வியாழனுக்கு முன்னர் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்கவும்.