கீர்த்தியைத் திருநெல்வேலிக்கு அனுப்புவது சம்பந்தமாக

தளேகாவ், புனே.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

அருண்ராஜ் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ராஜியும் கீர்த்தியும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, அதனால் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும் பானு அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நீங்கள் ஒருவர்தான் பேசுகிறீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர், அப்படித்தான் இருக்கும், நான் குறையாகச் சொல்லவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கீர்த்தியை உங்களிடமே அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன். கணபதிக்கு வந்தீர்களானால் பண்டிகை முடிந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் சொன்னபடியே பாளையங்கோட்டையில் சேர்த்து, விடிவதற்குள் எழுப்பி, இரட்டைக்கோடு நோட்டில் எழுத வைத்து, சத்தம் போட்டுப் படிக்க வைத்து ஆளாக்கிவிடுங்கள். நான் ஏன் இந்த முடிவுக்கு வந்தேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்கு வேண்டியது முடிவுதான், இருந்தாலும் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு எழுத்துகள் கண்ணில் நிற்காமல் நழுவுகின்றன, டிஸ்லெக்ஸியா என்று பெயர், இது உங்களுக்குத் தெரியும். இவள் பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ராஜஸ்ரீ மேடம் என்று ஒரு டீச்சர் இருக்கிறார். மராட்டிக்காரர், மெதுவாகப் பேசுவார், அதுவே எனக்குப் பாதி பயம். "மேடம், இது எப்போ குணமாகும்?" என்று கேட்டேன். "இது ஜலதோஷம் இல்லை, அருண்ராஜ்ஜி. அவள் படிக்கிற விதம் வேறே. நாம சொல்லிக்குடுக்கிற விதத்தை மாத்தணும்" என்றார். பரீட்சையில் கேள்வியை ஒருவர் படித்துக் காட்டுவாராம், இவள் வாயால் சொன்னால் ஒருவர் எழுதுவாராம், சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாதாம், நேரமும் கூடுதலாம். மற்ற பிள்ளைகள் வழக்குப் போடாதா என்று கேட்டேன். "கண்ணாடி போட்ட பிள்ளை மேலே யாராவது வழக்குப் போட்டாங்களா?" என்றார். நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் இன்னொன்றும் சொன்னார். கீர்த்தி எதைக் கேட்டாலும் "ம்" என்று தலையை ஆட்டிவிடுகிறாள், புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறாள், அதனால் வாய் திறக்காமலே சொல்வதற்கு ஒரு சிவப்பு அட்டை செய்து கொடுங்கள், புரியாதபோது மேஜையில் வைக்கட்டும் என்றார். நியாயம்தான். ஆனால் அத்தான், சாகண் கார் தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறவன் பெண்ணுக்கு அட்டையா? எங்கள் லைனில் ஒவ்வொரு இடத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்த கம்பி ஒன்று நிற்கும். வேலை செய்கிறவனுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் சிவப்பை அழுத்துவான், பஸ்ஸர் அடிக்கும், லைன் அப்படியே நிற்கும். சூப்பர்வைசர் ஓடிப்போய், திட்டாமல், "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும், அதுதான் சட்டம். அழுத்தினவனே பச்சையைப் போடும்வரை அதை எம்.டி. வந்தாலும் தொடக் கூடாது. கழித்துக் கட்டின சாமான்களில் அப்படிச் சின்னதாக ஒன்று கிடந்தது, அனுமதி வாங்கி எடுத்து வந்து, பேட்டரி மாற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ராஜி பார்த்துவிட்டு, "ஏங்க, பிள்ளைக்கு அட்டைதானே கேட்டாங்க?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் ஹிந்திப் பாடத்தில் சிவப்பைப் போட்டாள், ராஜி நிறுத்தி வேறு மாதிரி சொன்னாள், பச்சை விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நான் அவளுக்கு நான் சின்ன வயசில் எப்படிக் கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சிவப்பு. "என்ன வேணும்?" என்றேன். "இதுல நான் என்ன பண்ணணும்ப்பா?" என்றாள். கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் ஃப்ளாட் சொஸைட்டி செக்ரெட்டரி வந்து இனிமேல் தண்ணீர் காலையில் மட்டும்தான் என்று சொன்னார், சிவப்பு. அவர் ஏன் என்று விளக்கப் புகுந்து, டேங்கர், வால்வு, நகரசபை என்று எங்கெங்கோ போய், கடைசியில் தனக்கே புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு டீ குடிக்காமல் போய்விட்டார். இதற்குள் ராஜியும் பழகிக்கொண்டாள். சனிக்கிழமை கட்டாயம் கேஸ் அடுப்பை ரிப்பேர் பண்ணிவிடுகிறேன் என்று நான் சொன்னதும் அவள் கை நீண்டது. அன்றைக்குப் பஸ்ஸர் அடித்த அடியில் கீழ்வீட்டு குல்கர்ணி நெருப்புப் பிடித்துவிட்டது என்று சிலிண்டரை மூடிவிட்டு மாமியாரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். இன்னும் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பேன் என்கிற நம்பிக்கை எனக்கே போய்விட்டது.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகத் திட்டம் போடுகிறார்கள், இந்த வருஷம் என்ன படிக்க வேண்டும், அதற்கு என்ன உதவி என்று. அதில் பிள்ளையையும் உட்கார வைக்கிறார்கள். பிரின்ஸிபால், க்ளாஸ் டீச்சர், ராஜஸ்ரீ மேடம், நாங்கள். கீர்த்தி பையில் விளக்கையும் கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. க்ளாஸ் டீச்சர், இவளுக்காக நின்றால் மற்றவர்களுக்குப் பாடம் பின்தங்குகிறது என்றார். பிரின்ஸிபால், அப்படியானால் முழு நேரமும் தனி அறையில் ராஜஸ்ரீ மேடத்திடம் விட்டுவிடலாமா என்றார். மேடம், மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து, தேவையான உதவியும் கிடைத்தால் போதும், தனியாகப் பிரிக்கக் கூடாது என்றார். பயம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். "யாருக்கும் சிரமம் வேண்டாம் சார், ஊருக்கு அனுப்பிடறோம், அவ மாமா சரி பண்ணிடுவார்" என்று சொல்லிவிட்டேன். அத்தான், இதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ராஜியிடமும் பாதிதான் சொல்லியிருந்தேன்.

பையிலிருந்து சிவப்பு எரிந்தது. பஸ்ஸர். எல்லாரும் பையையே பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பழக்க தோஷத்தில் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லைனில் கேட்கிற மாதிரியே "என்ன வேணும்?" என்று கேட்டேன். "யாரு ஊருக்குப் போறா?" என்றாள். அதை அணைக்கக் கையை நீட்டினேன். அப்படிச் செய்ததற்காக நானே ஒருத்தனை லைனை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபமா அழுகையா தெரியவில்லை. பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கீர்த்தி, எங்கள் வீட்டு அரைகுறைத் தமிழில் தொடங்கி ஹிந்திக்கு மாறி, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கேள்வியை யாராச்சும் படிச்சுச் சொன்னா எனக்கு ஆன்ஸர் தெரியும். எல்லார் முன்னாடியும் என்னை சத்தமா படிக்கச் சொல்லாதீங்க. அப்போ என் காதுல சத்தம் மட்டும்தான் கேக்குது. நான் இதே க்ளாஸ்ல இருக்கேன்." பிறகு அவளே பச்சையைப் போட்டாள். இந்தப் பிள்ளை ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பிரின்ஸிபால் சரி என்றுவிட்டார். க்ளாஸ் டீச்சரும், அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னது தன் தப்பு என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த பிரின்ஸிபால் மாற்றலாகிப் போனால்? ராஜஸ்ரீ மேடத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால்? பத்தாம் வகுப்பில் கேள்வியைப் படித்துக் காட்ட வருகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்? நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் யார் படித்துக் காட்டுவார்கள்? ராஜியிடம் கேட்டால், "நீங்க ஒருத்தர் போதும், எல்லாக் கஷ்டத்தையும் முன்னாடியே கூட்டிட்டு வந்து உட்கார வைக்க" என்கிறாள். ஆகவே அத்தான், நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், அவசியம் வந்து கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு போகவும். கண்டிப்பு வேண்டும் என்றால் கண்டிக்கவும். இரட்டைக்கோடு நோட்டு இங்கேயே வாங்கி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் மேல் எப்போதும் இருக்க வேண்டும், முக்கியமாக என் மேல்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
அருண்ராஜ்

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தைக் கீர்த்திக்குப் படித்துக் காட்டினேன், அவளுக்குத் தெரியாமல் இனி எதுவும் செய்யக் கூடாது என்று ராஜியின் உத்தரவு. முழுவதும் கேட்டாள். "மாமாவுக்கு நானும் எழுதணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க, மாத்தக் கூடாது" என்றாள். எனக்கு மாற்ற வேண்டும் என்று கை துடித்தது. மாற்றவில்லை. கீழே உள்ளது அவள் சொன்னது.

மாமா, கணபதிக்கு வாங்க. அத்தையையும் கூட்டிட்டு வாங்க. நான் உங்க கூட வரல, இங்கதான் இருப்பேன். ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்தா பஸ் போர்டு எல்லாம் மராட்டில இருக்கும், உங்களுக்குப் படிக்க வராது. பயப்படாதீங்க. நான் வந்து நிப்பேன். எனக்கும் மெதுவாத்தான் வரும், நாம ரெண்டு பேரும் கேட்டுக் கேட்டுப் போயிடலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க.