எதற்கும் ஒரு பிடி உப்பு

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. கெட்டவர்கள் அல்ல, கெட்டவர்களாக இருந்தால் பிடித்து உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒரு வேலை நன்றாக முடிந்த பிறகும் அதை விட்டு நகர மனம் வராமல், அதன்மேல் இன்னும் ஒரு சுற்றுக் கயிறு, இன்னும் ஒரு ஆணி, இன்னும் ஒரு போன் என்று எதையாவது சேர்த்து வைத்துவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கையைத் தட்டிக்கொள்கிறவர்கள். எதற்கு இருக்கட்டும்? அதை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் "எதுக்கும்தான்" என்பார்கள்.

உங்களுக்கு இவரைத் தெரியும். பூட்டிய பூட்டைத் தொங்கி இழுத்துப் பார்த்து, அது கழன்று கையோடு வந்ததும் "பாத்தீங்களா, நல்லவேளை இழுத்துப் பார்த்தேன்" என்கிறவர். குழாய் சொட்டாமல் நின்ற பிறகும் ஒரு திருகு திருகி, மரை கழன்று, வீட்டை நனைத்தவர். ஒரு மாத்திரை என்று டாக்டர் சொன்னால் இரண்டு போட்டுக்கொள்கிறவர். போகட்டும், அவர் உடம்பு, அவர் வயிறு. ஆனால் இப்படி ஒருவர் கண் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன ஆகும்?

சேர்ந்தார். தானமாக வந்த கருவிழிகளை ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் அவருக்கு 'எதுக்கும் சார்' என்று பெயர். அது தனக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கருவிழி என்பது கண்ணுக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய தோல். இறந்தவரிடமிருந்து அதை எடுத்து, ரோஜா நிற மருந்துநீர் நிரம்பிய சின்ன பாட்டிலில் மிதக்கவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நடுவே வைத்து அனுப்புவார்கள். குளிர வேண்டும், உறையக் கூடாது. உறைந்தால் அதில் உயிரோடு இருக்கும் செல்கள் செத்துப்போகும். அவ்வளவுதான் விஷயம். 'அவ்வளவுதான்' என்ற சொல் எதுக்கும் சாருக்கு ஆகாது.

அன்றைக்குப் போக வேண்டிய கண் ஒரு சவரக்காரருக்கு. அவருக்கு ஒரு கண்ணில் முழுவதும் வெள்ளை படர்ந்துவிட்டது, இன்னொன்று அரைகுறை. அரைகுறைப் பார்வையோடு கத்தி பிடிக்கிறவரிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள்? கடை காற்று வாங்கியது. அவருடைய மனைவி, ஆபரேஷனுக்குத் தேதி வந்ததும் கடைக் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

கண்ணைக் கொடுத்த வீட்டுக்கும் நம்மவர் போயிருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு அந்த வீட்டுப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா கண்ணு பத்திரமா போய்ச் சேந்துடும்ல?"

"எதுக்கும் நானே நேர்ல கொண்டு போறேம்மா."

கண் வங்கியில் பெட்டியைக் கட்டிய டெக்னீஷியன் பெண் அவரை அறிந்தவள். டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி அழுத்தி ஒட்டினாள்.

"சார், ஐஸ் சரியா வெச்சிருக்கேன். வழியில திறக்காதீங்க."

"சரிம்மா. வெயிலு கொளுத்துது, இன்னும் கொஞ்சம்..."

"வேண்டாம் சார்."

"எதுக்கும்..."

"எதுக்கும் வேண்டாம் சார்."

பெட்டியை வண்டியில் ஏற்றி, பெல்ட் போட்டு, பெல்ட்டுக்கு மேல் தன் துண்டையும் கட்டி, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில். அது ஊர்ந்தது, நின்றது, யோசித்தது. எதுக்கும் சார் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. வெயிலில் கிடந்த பெட்டி வெளியே சுடாமல் என்ன செய்யும்? டிரைவர் அதைச் சொன்னார். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கடை இருந்தது. விதி எங்கெல்லாம் கடை போடுகிறது பாருங்கள்.

டேப் கிழிந்தது. உள்ளே ஐஸ் ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது, கரைய வேண்டிய அளவுக்குத்தான். பெட்டிக்கு மூச்சு முட்டும்வரை அவர் ஐஸைத் திணித்தார்.

"ஒரு பிடி உப்பு போட்டுக்குங்க சார், இன்னும் ஜில்லுன்னு ஏறும்" என்றார் ஐஸ் கடைக்காரர். "குச்சி ஐஸே நாங்க அப்படித்தான் உறைய வைக்கிறோம்."

உறைய வைக்கிறோம் என்ற சொல் அவர் காதில் விழுந்தது. ஜில்லென்று என்பது மட்டும் மனதில் விழுந்தது. ஒரு பிடி போட்டார். எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிடி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்தார். மருந்துநீர் சாயவில்லை. மறுபக்கம் சாய்த்தார். அசையவில்லை.

"உறைஞ்சு போச்சுங்க. இத வைக்க முடியாது."

"நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னுதான் மேடம்..."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். பச்சை அங்கியோடு கட்டிலில் காத்திருந்த சவரக்காரர், காலடிச் சத்தம் கேட்டு, "வந்துடுச்சா?" என்றார். மனைவி பையில் துணிகளைத் திரும்ப மடித்து வைக்க ஆரம்பித்தாள். பத்திரமா போய்ச் சேந்துடும்ல என்று அந்த வீட்டுப் பெண் கேட்டது எதுக்கும் சாருக்கு நினைவு வந்தது. கண் போய்ச் சேர்ந்துவிட்டது, பத்திரமாகத்தான் சேரவில்லை.

மனசு கேட்காமல் ஒரு நாள் சவரக் கடைக்குப் போய் நின்றார். ஐஸ் கடை முதல் இரண்டாவது பிடி உப்பு வரை எல்லாவற்றையும் கொட்டினார். சவரக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியைத் தட்டினார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? நுரை பூசப்பட்டது. கத்தி கன்னத்தில் இறங்கி, தாடையில் திரும்பி, தொண்டைக்குழியைச் சுற்றிக்கொண்டு போனது. பழகிய கை, ஒரு கீறல் இல்லை. துண்டால் துடைத்ததும் அவர் மெல்ல மூச்சை விட்டார். கத்தி மறுபடி தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"எனக்குத்தான் கண்ணு சரியா தெரியலையே. எதுக்கும் இருக்கட்டும், இன்னொரு தடவ இழுத்துடறேன்."

"போதும்" என்றார் எதுக்கும் சார். வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சவரக்காரர் கத்தியை மடக்கினார். "இத அந்த ஐஸ் கடையில சொல்லியிருக்கலாம்."

சவரக்காரருக்கு அடுத்த கண் கிடைக்க மாதங்கள் ஆயின. அதைக் கொண்டுபோனபோது வழி நெடுக அவர் தம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தக் கடையில் நாற்காலி காலியாக இருப்பதில்லை.

நீங்கள் இந்த ரகம் இல்லை. தெரியும். சிரித்துக்கொண்டேதான் படித்தீர்கள். ஆனால், எதற்கும் ஒருமுறை முதலிலிருந்து படித்து அதை உறுதி செய்துகொள்ளலாமே என்று இப்போது ஒரு சின்ன எண்ணம் வருகிறதா? கையை எடுங்கள். ஐஸ் போதுமான அளவு வைத்திருக்கிறது.