பாலோவில் யானை வந்த காலை

பாலோ கிராமத்தில் காளியப்பன் பல் துலக்கக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, வாழைத் தோட்டத்தில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அறுக்க வேண்டிய வாழை. அவர் பதறிப்போய், உடன்பிறந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். பொங்கலுக்குக் கூப்பிட்டால்கூடப் பதில் எழுதாதவர்கள், ஒரே நிமிடத்தில் அழைத்தார்கள்.

"தகரத்தத் தட்டுங்கண்ணே!" மூன்று மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி சுகுமாறன் கத்தினான்.

தட்டினார். யானை வாழையை விட்டுவிட்டுச் சோளத்துக்குப் போனது.

"உங்க லாரி ஹாரன அடிங்கண்ணே!" இது தங்காக் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் தங்கை கஸ்தூரி.

அடித்தார். யானை சோளத்தையும் விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"அலமாக், ஐயோ! இன்னும் ஒரு யோசனை கேட்டீங்க, அடுப்படிக்கே வந்துரும்!" மனைவி கிருஷ்ணம்மா கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்தாள்.

'ஆபத்து. யாரும் வராதீங்க' என்று காளியப்பன் குழுவில் எழுதினார்.

மதியத்துக்குள் இரண்டு குடும்பங்களும் கொல்லை வழியாக வந்து சேர்ந்துவிட்டன.

ஒரே ஜன்னலில் ஒன்பது முகங்கள். வாசலில் நின்ற யானை காதை அசைத்தது. கொடியில் கிடந்த சேலை அந்தக் காற்றில் எழுந்து அடங்கியது. யானையின் கண் மட்டும் சின்னதாக, ஈரமாக, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காளியப்பனுக்கு வாழையும் சோளமும் நினைவிலேயே இல்லை.

"எவ்ளோ பெருசுண்ணே..." என்றான் சுகுமாறன். ஐம்பது வயதில், அண்ணனின் கையைப் பிடித்திருந்தான். கஸ்தூரி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

பிறகு யானை திரும்பி, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. அத்தனை பெரிய உடம்பு போனதற்கு ஒரு சருகுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்று எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எட்டு வருடங்களில் இதுதான் முதல் முறை. கிருஷ்ணம்மா இரண்டாவது தடவை உலை வைத்தாள்.

இலாகாவிலிருந்து காளிதாஸ் வந்தபோது மணி நாலு.

"லேட்டு லா, தம்பி. அது போயிருச்சு," என்று சிரித்தார் காளியப்பன்.

காளிதாஸ் குனிந்து கால்தடங்களைப் பார்த்தான். பிறகு செம்பனைப் பக்கம் பார்த்தான்.

"போகலண்ணே. இது பொம்பள யானை, இடம் பாக்க வந்திருக்கு. இப்ப அக்கா தங்கச்சிங்களக் கூட்டிட்டு வரப் போயிருக்கு."