பெரியப்பாவைச் சார்ந்தவர்கள்

அன்பும் பண்பும் கல்லாப்பெட்டியும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற தம்பி மகனுக்கு, கடல் கடந்தும் கௌரவம் குறையாத பெரியப்பா எழுதிக்கொள்வது. நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னேன். "அரசாங்கம் எனக்கு ஒருநாள் அள்ளிக் கொடுக்கும், கொடுத்த கையோட பிடுங்கவும் பிடுங்கும்" என்று விமான நிலைய வாசலில் வைத்துச் சொன்னேனா இல்லையா? நீ என் பெட்டியைத் தூக்கி எடை பார்ப்பதில் மும்முரமாக இருந்ததால் காதில் விழுந்திருக்காது. ஆனால் சொன்னேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உன் பெரியம்மாவின் மூட்டுவலியும் சுகமாக இருக்கிறது. உன் இரும்புச் சாமான் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் அமோகமாக விற்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நிற்க. குடிநீர் அலுவலகத்தில் நான் மீட்டர் பார்த்து எழுதிய காலத்தில் ஊரே என் பேனா முனையில்தான் தண்ணீர் குடித்தது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பென்ஷன், நான் மகள் வீட்டோடு வெளிநாட்டுக்கு வந்த பிறகும் மாசம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருதரம் எழுதிக் கொடுத்தால் போதும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படிவத்தில் புதுசாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. 'தங்களைச் சார்ந்தவர்கள் யார், யார்?' நான் அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ், அதாவது இந்தக் காலத்து எம்.ஏ. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது, நம்மைச் சேர்ந்தவங்க யாருன்னு கேக்குறாங்க. நம்மைச் சேர்ந்தவங்களுக்கா பஞ்சம்? நீ, உன் சம்சாரம், உன் தம்பி, இங்க மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட அப்பா, அங்க எனக்கு முடிவெட்டுறவர், அவரோட மச்சான்னு எழுதிக்கிட்டே போனதுல கட்டம் பத்தாம பின்பக்கமும் நிறைஞ்சுபோச்சு. உறவுமுறைன்னு கேட்ட இடத்துல எல்லாருக்கும் சேர்த்து ஒரே கோடா இழுத்து 'நம்மாளு'ன்னு போட்டேன். அதைப் பார்த்துட்டு முத்திரை குத்தி உள்ளே அனுப்பின குமாஸ்தாவும் நம்மாளாத்தான் இருக்கணும்.

அடுத்த மாசத்துலேர்ந்து பென்ஷன் வீங்கிடுச்சு. சார்ந்தவர்னா நம்ம சம்பாத்தியத்துல சாப்பிடுறவங்களாம், அவங்களுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு படி உண்டாம். இதை எனக்கு யார் சொன்னா? என் நேர்மையைத் தாமதமாப் புரிஞ்சுக்கிட்டு அரசாங்கம் தனியாப் போட்டுக் கொடுக்குதுன்னு நினைச்சேன். எங்க மாடியில குடியிருக்கிற எல்லார்கிட்டயும் சொன்னேன், பாஷை தெரியாதவங்ககிட்ட கையாலயே சொன்னேன். என் அறைக்குச் சுத்துற நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டேன். அதோட நின்னிருக்கலாம். நன்றி மறக்கக்கூடாதேன்னு பென்ஷன் ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதினேன், கிட்டத்தட்ட ஒரு புஸ்தகம். அங்கதான் வினை. அந்த ஆபீஸ் கட்டின நாள்லேர்ந்து திட்டித்தான் கடுதாசி வந்திருக்கு, ஒருத்தன் நன்றி சொல்றான்னதும் இதுல ஏதோ இருக்குன்னு என் ஃபைலைத் தூக்கிட்டாங்க. அதிகமாப் போன தொகையைத் திருப்பிக் கட்டவும்னு ஓலை வந்துடுச்சு.

சரி, கட்டுவோம்னு மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இங்க உள்ள பேங்குக்குப் போனேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு, பணம் எதுக்காகப் போகுதுன்னு கேட்டுச்சு. அது திரையில காட்டின வரிசையில குடும்பச் செலவு இருக்கு, படிப்பு இருக்கு, அன்பளிப்பு இருக்கு, அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுக்குறதுன்னு ஒண்ணு இல்ல. உலகத்துல எவனும் கொடுத்ததில்லபோல. மேனேஜரே எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள நான் அன்பளிப்புல விரலை வெச்சு அமுத்திட்டேன். கையில இருந்ததை வெச்சு அனுப்பின கொஞ்சப் பணம், பத்து நாள்ல கமிஷன் போக மிச்சமாத் திரும்பி வந்துச்சு, கூடவே ஒரு எச்சரிக்கை. அரசு அலுவலருக்கு அன்பளிப்பு அனுப்புறது குற்றமாம். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுக்கு லஞ்சக் கேஸ் வரப் பார்த்த ஒரே ஆள் நம்ம வம்சத்துல நான்தான்.

கடைசியில மாப்பிள்ளை ஏற்பாடு பண்ணி, கணக்கதிகாரி அம்மாவோட கம்ப்யூட்டர்ல முகம் பார்த்துப் பேசினோம். அந்தம்மா நல்ல மாதிரி. தொகை தீருற வரைக்கும் மாசம் பாதி பென்ஷனைப் பிடிப்போம், ஆனா நீங்களே இன்னொருத்தரைச் சார்ந்து இருக்கிறவர்னா கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கலாம், நீங்களும் மாப்பிள்ளையும் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னாங்க. அப்புறம் கேட்டாங்க பாரு ஒரு கேள்வி.

"நீங்க யாரைச் சார்ந்து இருக்கீங்கய்யா?"

"நானா? இந்த வீட்டுக்குப் பாலும் இன்டர்நெட்டும் என் பென்ஷன்லதாம்மா ஓடுது. வீடே என்னைச் சார்ந்துதான் நிக்குது."

"அப்ப பாதி பிடிச்சிடலாமா?"

உன் அக்கா கதவுக்கிட்ட நின்னு, "அப்பா, பேசாம கையெழுத்துப் போடுங்கப்பா, யார் பார்க்கப்போறா?"ங்கிறா. யார் பார்க்கப்போறாங்களா? மாப்பிள்ளை பார்ப்பாரே. இன்னைக்கு வரைக்கும் நான் சாப்பிட உட்கார்ந்தா அது பால் வாங்கிப் போடுற மனுஷன் உட்காருறது. நாளைக்கு அதே நாற்காலியில உட்கார்ந்தா, காகிதத்துல எழுதி வெச்ச தண்டச்சோறு. நான் எழுந்தேன். "தாயே, பாதி என்ன, முழுசாப் பிடிச்சுக்கோங்க, இந்தக் கை அந்தக் கையெழுத்தைப் போடாது"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வெளியே வந்துட்டேன். அந்தம்மா எழுந்து நின்னதைக் கண்ணால பார்த்தேன். திரையில அவங்க பின்னாடி இருந்த குமாஸ்தாக்கள் கை தட்டின சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுச்சு.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். முழுத் தொகையையும் நீ அங்கேயே கவுன்டரில் ஒரே தடவையில் கட்டிவிட்டால் பாதிப் பென்ஷனும் போகாது, கையெழுத்துக்கும் வேலை இல்லை. நான் யாரிடமும் கை நீட்டியதில்லை, இதுவும் கை நீட்டுவதில்லை. என்னைச் சார்ந்தவன் என்று உன் தலைக்கும் ரெண்டு வருஷமாகப் படி வாங்கியிருக்கிறேன், அந்த பாத்தியதையில் கேட்கிறேன். உன் சம்சாரத்திடம் சொல்ல வேண்டாம். அவள் தலைக்கும் வாங்கியிருக்கிறேன், பங்கு கேட்பாள். கடை செழிக்கட்டும், பிள்ளைகள் என்னைப்போல் கெட்டிக்காரர்களாக வளரட்டும்.

இப்படிக்கு, எவரையும் சாராத,
உன் பெரியப்பா

பின்குறிப்பு: மேலே சொன்னதில் எல்லாம் நிஜம், நான் எழுந்து வெளியே வந்தது மட்டும் நானாகச் சேர்த்தது. எழுந்திருக்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். அவரும் தன் கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "மாமா, இந்த மாச இன்டர்நெட் பில்லு இன்னும் கட்டல, எப்பக் கட்டுவீங்க?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டார். "கட்டுறேன், அவசரப்படுத்தாதீங்க மாப்பிள்ளை" என்று நானும் திருப்பி அதட்டினேன். உறையை அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார். ஆகையால் நீ பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இதைப் படிப்பதற்குள் அவசரப்பட்டுக் கட்டியிருந்தால், திருப்பிக் கேட்டு எனக்கு எழுதாதே. எந்தக் கட்டத்தை அமுத்தி அனுப்புவது என்று எனக்கு இன்னும் தெரியாது.