வாசிக்கக் கூடாத ஓலை

சங்கைக்குரிய பங்குச்சாமி அவர்களின் பாதங்களுக்கு, முப்பது வருஷமாக உங்கள் கோயிலில் மைக்கை ரிப்பேர் செய்து அதே மைக்கில் அறிவிப்பும் வாசித்துவரும் பழைய எலக்ட்ரீசியன், மண்டி போட முடியாத முழங்காலோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். போன ஞாயிறு பத்தேகாலுக்கு ஏறிய தங்கள் ரத்த அழுத்தம் இதற்குள் இறங்கியிருக்கும் என நம்புகிறேன்.

ஒரு பக்கத்தில் மன்னிப்பு எழுதி, வருகிற ஞாயிறு நீங்களே வாசித்துவிடுங்கள் என்று சொன்னீர்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சுருக்கி எழுத வராது சாமி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த குற்றம் இதுதான். பூசை முடிவில், தொலைந்துபோன குடை, பாடகர் குழு ஒத்திகை, இதற்கெல்லாம் பிறகு மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவிக்கிற ஒரு கல்யாண ஓலையை வாசிக்க வேண்டியிருந்தது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இது முதல் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்கவும். அதை ஒழுங்காக வாசித்தேன். வாசித்த கையோடு, காகிதத்தில் இல்லாத இன்னொரு ஓலையையும் வாசித்துவிட்டேன். என் மகனுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும். ஞானஸ்நானப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, இது மூன்றாவதும் கடைசியுமான ஓலை என்று. "முதல் ரெண்டு ஓலை எப்பங்க வாசிச்சீங்க?" என்று பூ அலங்கரிக்கிற அம்மா எழுந்து கேட்டார்களே, அதுதான் எனக்கு அவமானம். முப்பது வருஷத்தில் நான் முறை தப்பி வாசித்ததே இல்லை.

இது எப்படி வந்ததுன்னு சொல்லணும். என் மகன் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவன், உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்காரர் அவன் சிநேகிதர். என் சம்சாரம் இறந்துபோனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரையும் கூட்டிக்கிட்டு வருவான். ஆறு வருஷம் இப்படிப் போச்சு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, வந்த மூணாவது வாரமே "வாங்க மாப்பிள்ளை, காலை நீட்டி உக்காருங்க"ன்னு ஆரம்பிச்சேன். அவரும் சளைக்கல. "மாமியார் இல்லாத வீட்டுல மாப்பிள்ளையை யாரு மாமா கவனிப்பா? நீங்கதான் கரண்டியை எடுக்கணும்"னார். என் மகன் காது சிவந்துபோய்த் தட்டையே பார்த்துக்கிட்டு இருப்பான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு. வாராவாரம் மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு ஒரே ரகளை.

போன வருஷம் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது மகன் சொன்னான், "அப்பா, நீங்க விளையாட்டுக்கு அவரை அப்படிக் கூப்பிடுறீங்க. எங்களுக்கு அது விளையாட்டு இல்ல."

"எத்தனை நாளா?"

"நீங்க கூப்பிட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

குழாயை மூடக்கூடத் தோணாம நின்னேன். அடுத்த ஞாயிறு அவர் வாசல்ல செருப்பைக் கழட்டினப்போ "வாங்க சார்"னேன். சார். ஆறு வருஷமாப் பொய்யாச் சொன்னப்போ தானா வந்த வார்த்தை, நிஜம்னு தெரிஞ்சப்புறம் வாயில வரல சாமி. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அழுக்கே இல்லை அதுல. "உங்க பவரை இன்னொரு தடவை பார்க்கணும் மாமா, கடைக்கு வாங்க"ன்னு பேச்சை மாத்தினார். அப்பவும் மாமான்னுதான் கூப்பிட்டார். இன்னும் ரெண்டு ஞாயிறு வந்தாங்க. மூணாவது ஞாயிறு ரெண்டு பேருமே வரல.

ஒரு மாசம் கழிச்சு மகன் மட்டும் வந்தான். பதிவு ஆபீஸ்ல சேர்ந்து வாழப்போறதா எழுதிவைக்கப் போறோம், அது சர்க்கார் காகிதம், கோயில் கல்யாணம் இல்லைன்னு எங்களுக்கும் தெரியும், ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும், ஒண்ணு அவரோட அக்கா, இன்னொண்ணு நீங்க போடணும்பான்னான். யோசிச்சுச் சொல்றேன்னு நேரா உங்க அறைக்கு ஓடிவந்தேன். நீங்க பொறுமையா எடுத்துச் சொன்னீங்க. அப்படி ஒரு நாட்டம் இருக்கிறது மட்டும் பாவமில்லை, அவங்களை மரியாதையோடயும் இரக்கத்தோடயும் ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்கக்கூடாது. ஆனா அந்த உறவுக்குத் திருச்சபை இடம் கொடுக்காது, கற்போட வாழச் சொல்லுது. கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான், சர்க்கார் பதிவை அதுக்குச் சமமா வைக்க முடியாது. ரெண்டு பேரும் வந்து கேட்டா ஒரு சின்ன ஆசீர் தரலாம், புத்தகம் இல்லாம, சடங்கு இல்லாம, கல்யாணம் மாதிரித் தெரியாம, பத்துப் பதினஞ்சு நொடி.

"என் ஸ்கூட்டருக்கு மட்டும் புத்தகம் பார்த்து, டயரைச் சுத்தித் தீர்த்தம் தெளிச்சு, கால் மணி நேரம் மந்திரிச்சீங்களே சாமி?"

"உங்க ஸ்கூட்டர் கல்யாணம் மாதிரித் தெரிய வாய்ப்பே இல்லையே பெரியவரே."

நல்ல பதில். நானும் சிரிச்சேன். அப்புறம் கையெழுத்துப் போடலாமா கூடாதான்னு மட்டும் கேட்டேன். "போடுங்கன்னு என்னால சொல்ல முடியாது"ன்னீங்க. நான் கதவுகிட்ட போனதும் கூப்பிட்டு, "அவன்கிட்ட பேசாம இருந்துடாதீங்க, வீட்டுக் கதவைச் சாத்திடாதீங்க"ன்னும் சொன்னீங்க. நீங்க முதல்ல சொன்னதை மட்டும் எடுத்துக்கிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். எனக்கு அதுதான் வசதியா இருந்துச்சு.

பதிவு அன்னைக்கு முழங்கால் வலின்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் ஏணி போட்டு ஏறி உங்க கோயில் ஸ்பீக்கரை மாட்டினேன், கோபுரத்து மேல. சாயங்காலம் மகன் போன் பண்ணினான். "முடிஞ்சுதுப்பா. உங்க இடத்துல வேற ஒருத்தர் போட்டார். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் பக்கத்து வரிசையில நின்னவர். யாருன்னு தெரியாது. நல்ல மனுஷன், தன் பேனாவுலயே போட்டார்." கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் தகவல் சொல்ற மாதிரி சொல்லிட்டு வச்சுட்டான்.

அதனாலதான் சாமி, போன ஞாயிறு அந்தப் பையன் பொண்ணு ஓலையை வாசிச்சதும் என் வாய் நிக்காம ஓடிடுச்சு. என் மகன் ஓலையில "தடை ஏதும் தெரிந்தவர்கள்"ங்கிற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்திட்டேன். எத்தனை நூறு தடவை வாசிச்ச வரி அது, ஒருத்தனும் ஒரு தடையும் சொன்னதில்லை. அன்னைக்குத் தடை யாருன்னு எனக்குத் தெரியும், மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தான். நீங்க கண்ணைக் காட்டினீங்க, கீபோர்டுக்காரர் பதறிப்போய் செத்தவங்களுக்குப் பாடுற அடக்கப் பாட்டை வாசிச்சுட்டார். அதுவும் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

ஆகவே, திருச்சபையின் ஓலையை அனுமதியின்றி எடுத்தாண்டதற்கு இதன்மூலம் மன்னிப்புக் கோருகிறேன். சபை சொல்வதைத் திருத்த எனக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை. இனி எழுதிக்கொடுத்ததை மட்டும் வாசிப்பேன் என உறுதி கூறுகிறேன். தங்கள் தாயாருக்கு என் வணக்கம். தங்களுக்குச் சமைத்துப் போடும் குசினிக்காரரை விசாரித்ததாகச் சொல்லவும். ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளும் காது கேட்காத பங்கு மக்களும் தருவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள அறிவிப்புக்காரன்.

பி.கு.: இதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கடைசிப் பத்தி முழுக்கப் பொய், அடித்துவிடுங்கள். ஓலை வாசித்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை. ஊருக்கே வாசித்தேனே, அந்த ரெண்டு பேரும் அன்னைக்குக் கோயில்ல இல்லை, அதுதான் வருத்தம். வருகிற ஞாயிறு மன்னிப்பு வாசிக்க வேறு ஆள் பாருங்கள். நான் பூசை நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் இருப்பேன். என்ன சொல்வது என்று நாலு நாளாகப் பழகிப் பார்க்கிறேன், மைக் இல்லாமல் எனக்கு வரவில்லை. உள்ளே விட்டார்கள் என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். விடவில்லை என்றால், அப்போதும் உடனே வர மாட்டேன், கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன்.